திறக்க மறுக்கும் ஜிப் ஃபைல்: காரணங்களும் தீர்வுகளும்

வணிகர்களுக்கான கம்ப்யூட்டர் பாடம்

ஆடிட்டர் அலுவலகம் கேட்கும் பில் நகல்களை ஜிப் ஃபைலாக்கி அனுப்புகிறோம். கம்பெனிகள் விலைப்பட்டியலையும் சரக்குப் படங்களையும் ஜிப் ஃபைலாகவே நமக்கு அனுப்புகின்றன. ஜி.எஸ்.டி. இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் ரிட்டர்ன் ஆஃப்லைன் டூலும் ஜிப் ஃபைலாகத்தான் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைக் கணக்கின் பேக்கப்பை ஜிப் ஆக்கிப் பென் டிரைவில் வைத்திருக்கும் வணிகர்கள் நம்மில் ஏராளம்.

வைத்திருப்பது சரி, வேண்டும்போது அது திறக்குமா? கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் பழுதான அன்றுதான் பலரும் பேக்கப் ஃபைலை முதன்முதலாகத் திறந்து பார்க்கிறார்கள். அன்றைக்குத் திரையில் 'இந்த ஃபைல் செல்லாதது' என்று வந்தால், யார் எவ்வளவு பாக்கி, யாருக்கு நாம் எவ்வளவு தரவேண்டும் என்பதை நினைவிலிருந்துதான் எழுத வேண்டியிருக்கும். கடன் வாங்கியவர் நல்லவராக இருந்தால் ஒப்புக்கொள்வார். மற்றவர்களிடம் என்ன சொல்வது?

சட்டமும் நம்மைச் சும்மா விடுவதில்லை. 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி, ஒரு நிதியாண்டின் கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்னின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2024-25ஆம் ஆண்டுக்கு 2025 டிசம்பர் 31 கெடு எனக் கொண்டால், அந்தக் கணக்கு 2031 டிசம்பர் 31 வரை நம்மிடம் இருக்க வேண்டும். கேட்டால் காட்டவும் வேண்டும். வழக்கு நிலுவையில் இருந்தால் இன்னும் கூடுதல் காலம். ஆகவே இது கம்ப்யூட்டர் கடைக்காரர் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமல்ல. கல்லாவில் உட்காருபவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுருக்கம் நடப்பது எப்படி?

பிழையைக் கண்டுபிடிக்க, முதலில் பொருள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். சுருக்கும் கலை வணிகர்களுக்குப் புதிதல்ல. நாள்வழியில் ஒரே பெயர் அடுத்தடுத்து வந்தால் நாம் என்ன செய்கிறோம்? 'மேற்படி' என்று எழுதுகிறோம். சிட்டை போடும்போது துவரம் பருப்பை 'து.ப.' என்றும் உளுத்தம் பருப்பை 'உ.ப.' என்றும் குறிக்கிறோம். அடிக்கடி வரும் சரக்குக்குச் சின்னக் குறி. எப்போதோ வரும் சரக்குக்கு முழுப் பெயர்.

ஜிப் ஃபைலும் இந்த இரண்டு உத்திகளைத்தான் கையாளுகிறது. முன்னால் வந்த ஒரு தொடர் மறுபடி வந்தால், 'இத்தனை எழுத்துக்குப் பின்னால் போய், அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்' என்று மட்டும் எழுதிவைக்கும். ஆப்ரகாம் லெம்பெல், யாக்கோப் ஸிவ் என்ற இரு அறிஞர்கள் 1977இல் வெளியிட்ட முறை இது. அடிக்கடி வரும் குறிக்குக் குட்டையான அடையாளம் கொடுப்பது டேவிட் ஹஃப்மன் 1952இல் வெளியிட்ட முறை. இவ்விரண்டையும் இணைத்துப் பயன்படுத்தும் ஜிப் வடிவத்தை ஃபில் காட்ஸ் என்ற அமெரிக்கர் 1989இல் வெளியிட்டார். இன்றும் உலகம் முழுவதும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகளைப் புரிந்துகொள்ளலாம். முதலாவது, 'மேற்படி' போட இடமுள்ள ஃபைல்தான் சுருங்கும். கணக்கு ஃபைல்களும் எழுத்து ஃபைல்களும் நன்றாகச் சுருங்கும். செல்போனில் எடுத்த போட்டோவும் வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை ஜிப் ஆக்கினால் அளவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். 'ஜிப் செய்தும் குறையவில்லையே, ஏதோ கோளாறு' என்று எண்ண வேண்டாம். இரண்டாவது, சுருக்கிய ஃபைலில் ஓர் இடம் கெட்டால் கேடு அந்த இடத்தோடு நிற்பதில்லை. நாள்வழியில் மேல் வரியில் உள்ள பெயர் அழிந்துபோனால், கீழே உள்ள 'மேற்படி' எல்லாம் பொருளற்றுப் போகுமல்லவா? அதே கதைதான்.

ஜிப் ஃபைலின் உள்ளே

ஜிப் ஃபைலை லாரி லோடு போல எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே வைத்த ஒவ்வொரு ஃபைலும் தனித்தனி மூட்டை. ஒவ்வொன்றும் தனித்தனியே சுருக்கப்பட்டு, மேலே பெயர் ஒட்டப்பட்டிருக்கும். எந்தெந்த மூட்டை எங்கே இருக்கிறது என்ற முழுப் பட்டியல் லோடின் கடைசியில், அதாவது ஃபைலின் வால் பகுதியில் இருக்கும். நாம் ஃபைலைத் திறந்ததும் கம்ப்யூட்டர் முதலில் தேடுவது இந்தப் பட்டியலைத்தான்.

மூட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. இதற்கு சிஆர்சி என்று பெயர். ஃபைலின் முழு உள்ளடக்கத்தையும் ஒரு பெரிய எண்ணாகக் கொண்டு, வகுத்து மீதி காணும் கணக்கு இது. மூட்டை கட்டும்போது எடை போட்டுச் சீட்டு ஒட்டி, இறக்கும்போது மறுபடி எடை போட்டுப் பார்ப்பது போல, பிரிக்கும்போது கம்ப்யூட்டர் மீண்டும் அந்தக் கணக்கைப் போடும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் 'சிஆர்சி பிழை' என்று அறிவிக்கும். இந்த எண்ணுக்குச் சுமார் 429 கோடி வெவ்வேறு மதிப்புகள் உண்டு. எனவே ஃபைல் தற்செயலாகக் கெட்டிருந்தும் எண் சரியாக அமைந்துவிடுவது மிக மிக அரிது. அது 'சரக்கு சரியில்லை' என்றால் நம்பலாம்.

எதற்கும் முன்பு செய்ய வேண்டியவை

பிழைச் செய்தி வந்ததும் பதறிப்போய் எதையாவது அழுத்துவதால்தான் பாதிச் சேதம் நேர்கிறது. இந்த நான்கையும் வரிசையாகச் செய்யுங்கள்.

1. பழுதான ஃபைலை அழிக்காதீர்கள். அதன் மேல் வேறு எதையும் எழுதாதீர்கள். கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கில் ஒரு நகல் எடுத்து, சோதனை அனைத்தையும் அந்த நகலில் செய்யுங்கள்.

2. ஃபைலின் அளவைப் பாருங்கள். அனுப்பியவரிடமும் அளவைக் கேளுங்கள். மவுஸின் வலது பொத்தானை அழுத்தி 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தால் எத்தனை பைட் என்று துல்லியமாகத் தெரியும். ஒரு பைட் குறைந்தாலும் ஃபைல் முழுமையாக வரவில்லை என்றே பொருள்.

3. 'செவன்-ஜிப்' என்ற இலவச மென்பொருளை அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'டெஸ்ட் ஆர்க்கைவ்' என்ற வசதி உண்டு. ஃபைலைப் பிரிக்காமலே ஒவ்வொரு மூட்டையையும் எடை போட்டுப் பார்த்து, எது சரி, எது பழுது என்று சொல்லிவிடும். விண்டோஸோடு வரும் வசதி 'முடியவில்லை' என்று மட்டும் சொல்லும் இடத்தில், இது காரணத்தையும் சொல்லும்.

4. பிழைச் செய்தியை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது செல்போனில் படமெடுங்கள். 'என்னவோ எர்ரர் வந்தது' என்று போனில் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் உதவ முடியாது.

இனி பிழைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பிழை 1: 'ஃபைல் எதிர்பாராமல் முடிந்துவிட்டது' அல்லது 'ஃபோல்டர் செல்லாதது'

அதிகம் வரும் பிழை இதுதான். பட்டியல் லோடின் கடைசியில் இருக்கிறது என்றோம். இறக்கும்போது பாதியில் இணைப்பு அறுந்தாலோ, பென் டிரைவில் நகலெடுத்து முடியும் முன்பே பிடுங்கினாலோ, வால் பகுதி வந்து சேராது. மூட்டைகள் பல நல்லபடி வந்திருந்தாலும் பட்டியல் இல்லாததால் கம்ப்யூட்டர் வாசலிலேயே நிறுத்திவிடும்.

தீர்வு எளிது: மூலம் இருக்கும் இடத்திலிருந்து மறுபடி இறக்குங்கள். இறக்கி முடியும் வரை கம்ப்யூட்டரைத் தூங்கவிடாதீர்கள். மூலம் கிடைக்க வழியே இல்லை என்றால், வின்ரார் மென்பொருளில் உள்ள 'ரிப்பேர்' வசதியைக் கொண்டு, வந்து சேர்ந்த மூட்டைகளை வைத்துப் பட்டியலைப் புதிதாக எழுதச் செய்யலாம். வராத சரக்கை எந்த ரிப்பேராலும் வரவழைக்க முடியாது. வந்த வரையில் மிஞ்சும்.

பிழை 2: 'இது ஜிப் ஃபைலே அல்ல'

சில சமயம் பெயரில்தான் ஜிப் இருக்கும். உள்ளே வேறு சரக்கு. இணையதளத்தில் நம் லாகின் காலாவதியாகிவிட்டால், ஃபைலுக்குப் பதில் 'மீண்டும் லாகின் செய்யவும்' என்ற பக்கமே ஜிப் என்ற பெயரில் இறங்கிவிடுவதுண்டு. சில எம்பி இருக்க வேண்டிய ஃபைல் சில கேபி மட்டும் இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரு வழி: அந்த நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள். உண்மையான ஜிப் ஃபைலாக இருந்தால் முதல் இரண்டு எழுத்துகள் 'பி', 'கே' என்ற ஆங்கிலப் பெரிய எழுத்துகளாக இருக்கும். ஃபில் காட்ஸின் பெயரின் முதல் எழுத்துகள் அவை. மற்றவை கிறுக்கலாகத் தெரியும், கவலை வேண்டாம். மாறாக, படிக்கக்கூடிய ஆங்கில வாக்கியங்கள் தெரிந்தால் அது வெறும் இணையப் பக்கம். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள். மீண்டும் லாகின் செய்து இறக்குங்கள்.

வேறு வகைச் சுருக்க ஃபைலுக்கு யாரோ ஜிப் என்று பெயர் மாற்றியிருந்தாலும் இந்தத் தொல்லை வரும். செவன்-ஜிப் பெரும்பாலும் உள்ளடக்கத்தைப் பார்த்து வகையை அறிந்துகொள்ளும். ரார், 7இசட் வகை ஃபைல்களை 2023 இறுதியில் வந்த விண்டோஸ் 11 பதிப்பு முதல் விண்டோஸே திறக்கிறது. அதற்கு முந்திய கம்ப்யூட்டர்களில் தனி மென்பொருள் வேண்டும்.

பிழை 3: 'சிஆர்சி பிழை' அல்லது 'டேட்டா எர்ரர்'

பட்டியல் இருக்கிறது, மூட்டையும் இருக்கிறது, எடைதான் ஒத்துப்போகவில்லை. நாம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய பிழை இதுவே. ஏனெனில் பழுது ஃபைலில் இருக்கலாம். நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கலாம்.

பிரித்தறிய வழி உண்டு. அதே ஃபைலை மூன்று முறை டெஸ்ட் செய்யுங்கள். மூன்று முறையும் அதே மூட்டையில் பிழை வந்தால் ஃபைல்தான் கெட்டிருக்கிறது. ஒரு முறை ஒரு மூட்டையிலும் அடுத்த முறை வேறொரு மூட்டையிலும் பிழை வந்தால், அல்லது ஒரு முறை பிழையே வராமல் போனால், தராசில்தான் கோளாறு: கம்ப்யூட்டரின் ராம் நினைவகமோ, கேபிளோ, யுஎஸ்பி துளையோ பழுதாகியிருக்கிறது. ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் டெஸ்ட் செய்தால் சந்தேகம் தீரும். விண்டோஸில் உள்ள 'மெமரி டயக்னாஸ்டிக்' வசதி ராமைச் சோதிக்கும். கெட்ட ராம் உள்ள கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருப்பது, முள் நகர்ந்த தராசில் வியாபாரம் செய்வதற்குச் சமம். இன்று ஜிப் ஃபைலில் காட்டிக்கொடுத்தது, நாளை கணக்கிலேயே கைவைக்கும்.

ஃபைல்தான் பழுது என்று உறுதியானால் மறுபடி நகல் கேளுங்கள். பென் டிரைவில் கெட்டிருந்தால், மூல ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அங்கே சரி, இங்கே பழுது என்றால் வழியில் கெட்டது; பென் டிரைவை மாற்றுங்கள்.

மலிவுப் பென் டிரைவ் பற்றி ஓர் எச்சரிக்கை. அட்டையில் போட்டிருக்கும் கொள்ளளவு உண்மையில் இல்லாத போலிச் சரக்குகள் சந்தையில் உண்டு. உண்மையான கொள்ளளவு நிரம்பிய பிறகும் அவை 'நகலெடுத்தாயிற்று' என்றே காட்டும். ஃபைலின் பெயர் இருக்கும், அளவும் இருக்கும், உள்ளே சரக்கு இராது. புதுப் பென் டிரைவ் வாங்கியதும் ஏறக்குறைய முழுவதும் நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்த பிறகே கணக்கை அதில் ஒப்படையுங்கள்.

பென் டிரைவைச் சரிசெய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால் உடனே சம்மதிக்க வேண்டாம். அதில் உள்ளது ஒரே நகல் என்றால், எடுக்க முடிந்ததை முதலில் வேறிடத்தில் எடுத்துவிட்டு, பிறகு சரிசெய்யச் சொல்லுங்கள்.

பிழை 4: 'பாதை மிக நீளம்'

80010135 என்று முடியும் எண்ணோடு வரும் பிழை இது. ஃபைலில் ஒரு குறையும் இல்லை. விண்டோஸில் ஒரு ஃபைலின் முழு முகவரி, அதாவது டிரைவ், ஃபோல்டர், உள் ஃபோல்டர், ஃபைல் பெயர் எல்லாம் சேர்ந்து, பொதுவாக 260 எழுத்துக்குள் அடங்க வேண்டும். 'ஆடிட்டர் கேட்டது' என்ற ஃபோல்டருக்குள் '2024-25 புதியது', அதற்குள் 'கடைசியாகத் திருத்தியது' என்று அடுக்கிக்கொண்டே போனால் அந்த எல்லை தாண்டிவிடும்.

தீர்வு: 'சி' டிரைவிலோ 'டி' டிரைவிலோ நேரடியாக ஓரெழுத்துப் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து, அங்கே பிரியுங்கள்.

பிழை 5: 'இடம் போதவில்லை' அல்லது 'ஃபைல் மிகப் பெரியது'

பிரிக்கும்போது சுருங்கியதும் விரிந்ததும் ஒரே நேரத்தில் டிஸ்கில் இருக்கும். ஆகவே விரிந்த அளவுக்குக் காலி இடம் வேண்டும்.

சில சமயம் 32 ஜிபி பென் டிரைவ் காலியாகவே இருக்கும். ஆனாலும் 5 ஜிபி பேக்கப்பை ஏற்க மறுக்கும். அது ஃபாட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருப்பதே காரணம். அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, எக்ஸ்ஃபாட் முறையிலோ என்டிஎஃப்எஸ் முறையிலோ ஃபார்மட் செய்யுங்கள்.

பழைய ஜிப் வடிவத்துக்கே 4 ஜிபி எல்லையும் 65,535 ஃபைல் எல்லையும் இருந்தன. ஜிப்64 என்ற விரிவு வந்த பிறகு அவை நீங்கின. மிகப் பழைய மென்பொருளால் பெரிய ஃபைலைத் திறக்க முயன்றால் தவறான பிழைச் செய்தி வரலாம். புதிய மென்பொருளில் திறந்துபாருங்கள்.

பிழை 6: 'பாஸ்வேர்ட் தவறு'

பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் திறக்கவில்லையா? முதலில் 'கேப்ஸ் லாக்' விளக்கையும், விசைப்பலகை தமிழில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அடுத்தது பூட்டின் வகை. ஜிப் ஃபைலுக்குப் பழைய பூட்டு ஒன்று, ஏஇஎஸ் என்ற புதிய, உறுதியான பூட்டு ஒன்று என இரு வகை உண்டு. விண்டோஸ் 10 வரையிலான விண்டோஸின் சொந்த வசதி ஏஇஎஸ் பூட்டைத் திறக்காது. பொதுவான ஒரு பிழையைக் காட்டி நின்றுவிடும். செவன்-ஜிப்பிலோ வின்ராரிலோ திறந்தால் திறந்துகொள்ளும்.

ஏஇஎஸ் பூட்டின் நல்ல பாஸ்வேர்டை மறந்துவிட்டால் மாற்றுச் சாவி செய்துதர உலகில் ஆள் இல்லை. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, கடைப் பத்திரத்தோடு வீட்டுப் பீரோவில் வையுங்கள். கல்லாவில் ஒட்டிவைக்காதீர்கள்.

பிழை 7: 'அடுத்த பாகத்தைத் தரவும்'

பெரிய ஃபைலைத் துண்டுகளாக்கி அனுப்பும்போது 001, 002 என்றோ, 'பார்ட் 1', 'பார்ட் 2' என்றோ வரிசை எண் இருக்கும். எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில், பெயர் மாறாமல் இருக்க வேண்டும். திறக்க வேண்டியது முதல் துண்டை மட்டும். இரண்டு முறை இறக்கியதால் பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் எண் சேர்ந்திருந்தால் அதை நீக்குங்கள்.

பிழை 8: பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிவது

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் பிரித்த பிறகு கேள்விக்குறியாகவும் கிறுக்கலாகவும் தெரிவதுண்டு. ஜிப் வடிவம் பிறந்தபோது ஆங்கிலம் முதலான சில மொழி எழுத்துகளுக்கே இடம் இருந்தது. யூனிகோடு முறைக்கு 2006இல்தான் இடம் தரப்பட்டது. ஒரு பக்கம் பழைய மென்பொருள், மறுபக்கம் புதியது என்றால் பெயர் குழம்பும். உள்ளே இருக்கும் கணக்கு கெடுவதில்லை. அனுப்பும் ஃபைல்களுக்கு ஆங்கிலத்தில் குட்டையான பெயர் வைப்பது நல்லது.

பிழை காட்டாத பிழை

செய்தி எதுவும் வராமலே நஷ்டம் வருவதும் உண்டு. ஜிப் ஃபைலை இரண்டு முறை தட்டினால் உள்ளே இருப்பவை சாதாரண ஃபோல்டர் போலத் தெரியும். ஊழியர் அங்கேயே எக்செல் ஃபைலைத் திறந்து, நாள் முழுக்க ஸ்டாக் ஏற்றிச் சேமிப்பார். அவர் திருத்தியது கம்ப்யூட்டர் தற்காலிகமாகப் பிரித்து வைத்த ஒரு நகலை. மூட ஒரு நொடி பிசகினால் மாலையில் அத்தனை உழைப்பும் காணாமல் போகும். ஜிப்புக்குள் வேலை செய்யாதீர்கள். 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்து வெளியே எடுத்த பிறகே கை வையுங்கள். ஆஃப்லைன் டூல் போன்ற மென்பொருள்களையும் அப்படியே.

இன்னொன்று: கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போதே அதன் டேட்டா ஃபோல்டரை ஜிப் ஆக்குவது. சில ஃபைல்கள் 'பயன்பாட்டில் உள்ளது' என்று விடுபடும். சில பாதி எழுதிய நிலையில் உள்ளே போகும். ஜிப் ஃபைல் டெஸ்டில் பிழையின்றித் தேறும். ஆனால் உள்ளே போன கணக்கு முழுமையற்றது. பாதி கட்டிய மூட்டையைச் சரியாக எடை போட்டு என்ன பயன்?

ஓர் எடுத்துக்காட்டு

மார்ச் கடைசி வாரம். ஒரு மொத்த மளிகைக் கடையின் கம்ப்யூட்டர் எழும்பவில்லை. ஹார்டு டிஸ்க் போயிற்று. பென் டிரைவில் பிப்ரவரி பேக்கப் ஜிப் ஃபைல் இருக்கிறது. திறந்தால் சிஆர்சி பிழை. என்ன செய்யலாம்?

முதலில், பென் டிரைவைக் கழற்றி மாட்டி விளையாடாமல், வேறொரு கம்ப்யூட்டரின் டிஸ்கில் நகல் எடுக்க வேண்டும். நகலை மூன்று முறை டெஸ்ட் செய்ய வேண்டும். மூன்று முறையும் 40 ஃபைலில் ஒன்று மட்டும் பழுது என்று வருவதாகக் கொள்வோம். ஜிப்பில் ஒவ்வொரு மூட்டையும் தனி என்பதால், மற்ற 39 நலம். செவன்-ஜிப்பால் அந்த 39ஐயும் வெளியே எடுத்துவிடலாம். பழுதான ஒன்று சரக்குப் படமாக இருந்தால் தலைவலி விட்டது. கணக்கின் முக்கிய ஃபைலாக இருந்தால், ஜனவரி பேக்கப்பைத் திறந்து, இடைப்பட்ட நாட்களின் பில்களைத் தாளிலிருந்தும், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தாக்கல் செய்த விவரத்திலிருந்தும், வங்கிக் கணக்கிலிருந்தும் ஏற்ற வேண்டும். ஜனவரி பேக்கப்பை அழித்து அதே பெயரில் பிப்ரவரியை எழுதியிருந்தால்? அதனால்தான் பழையதன் மேல் புதியதை எழுதக் கூடாது என்கிறோம்.

7இசட் வகையில் வைத்திருந்தால் கதை வேறு. அது வழக்கமாகப் பல ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். அளவு இன்னும் குறையும் என்பது லாபம். நடுவில் ஓரிடம் கெட்டால் அதற்குப் பின்னுள்ளவையும் போகலாம் என்பது நஷ்டம். ஆகவே கடைப் பேக்கப்புக்கு ஜிப் வடிவமே ஏற்றது. வின்ரார் வைத்திருப்பவர்கள் ரார் வகையில் கட்டும்போதே 'ரெகவரி ரெக்கார்டு' சேர்த்துக்கொள்ளலாம். சிறு சேதத்தை அது சரிசெய்துவிடும். கெட்ட பிறகு சேர்க்க முடியாது.

வரும்முன் காக்க

1. கணக்கு மென்பொருளின் சொந்த பேக்கப் கட்டளையால் பேக்கப் எடுத்து, மென்பொருளை மூடிய பிறகு ஜிப் ஆக்குங்கள்.

2. பெயரில் தேதி போடுங்கள். குறைந்தது கடைசி மூன்று மாதப் பேக்கப்புகள் தனித்தனியே இருக்கட்டும். ஆண்டு முடிவுப் பேக்கப்பை 72 மாதக் கணக்குப்படி வைத்திருங்கள்.

3. ஜிப் ஆக்கியதும் ஒரு டெஸ்ட். பென் டிரைவில் ஏற்றி, 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்துக் கழற்றி, மறுபடி மாட்டி இன்னொரு டெஸ்ட்.

4. இரண்டு வெவ்வேறு டிரைவ்களில் வையுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். தீயும் திருட்டும் வெள்ளமும் இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் வருவது அரிது.

5. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு கம்ப்யூட்டரில் பேக்கப்பைப் பிரித்து, கணக்கைத் திறந்து, ஏதேனும் ஒரு வாடிக்கையாளரின் பாக்கியைக் கடைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். டெஸ்டில் தேறியது வேறு, கணக்கு கிடைப்பது வேறு.

6. முக்கிய ஃபைலை அனுப்பும்போது, செவன்-ஜிப்பின் வலது பொத்தான் பட்டியலில் வரும் 'எஸ்எச்ஏ-256' எண்ணை எடுத்து, கடைசி ஆறு எழுத்தைப் போனில் படித்துக் காட்டுங்கள். அந்தப் பக்கமும் அதே வந்தால் ஃபைல் குறைவின்றிப் போய்ச் சேர்ந்தது.

7. முன்பின் தெரியாதவர் 'இன்வாய்ஸ்', 'பேமெண்ட் விவரம்' என்று அனுப்பும் ஜிப் ஃபைலைத் திறக்காதீர்கள். பாஸ்வேர்டையும் அதே மெயிலில் எழுதியிருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும். வைரஸ் தடுப்பு மென்பொருள் உள்ளே பார்க்க முடியாமல் செய்வதற்கான தந்திரமாக இருக்கலாம். திறக்கும் மென்பொருளையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வின்ராரில் 2023இலும் 2025இலும் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளைத் திருடர்கள் பயன்படுத்தினார்கள். அவை முறையே 6.23, 7.13 பதிப்புகளில் அடைக்கப்பட்டன. அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. நாம்தான் புதிய பதிப்பை ஏற்ற வேண்டும்.

நினைவில் கொள்ள

அளவு குறைந்திருந்தால் மறுபடி இறக்கு. ஒரே இடத்தில் பிழை என்றால் ஃபைல் பழுது. இடம் மாறி மாறி வந்தால் கம்ப்யூட்டர் பழுது. பாதை நீளம், இடம், பூட்டு ஆகியவற்றால் வருபவை ஃபைலின் குற்றமல்ல. ஒரே நகலில் எந்தச் சோதனையும் செய்யாதே.

பயிற்சி

1. உங்கள் கடையின் கடைசி பேக்கப் எந்தத் தேதியில் எடுத்தது? அதை வேறொரு கம்ப்யூட்டரில் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது?

2. உங்கள் பென் டிரைவ் எந்த முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கிறது? பேக்கப் 4 ஜிபியைத் தாண்டினால் ஏற்குமா?

3. பேக்கப்பின் பாஸ்வேர்ட் உங்களைத் தவிர குடும்பத்தில் இன்னொருவருக்குத் தெரியுமா?

இந்த மூன்றுக்கும் விடை எழுதிப் பாருங்கள். எந்தக் கேள்வியில் பேனா நின்றுவிடுகிறதோ, இன்று கடை அடைத்ததும் அந்த வேலையிலிருந்து தொடங்குங்கள்.